கூரையிலிருந்து தொங்கும் கப்பல்

போதகர் எங்கள் தீவுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார்,
அதுவும் கடல் மனம் வைத்தால்.
மற்ற ஞாயிறுகளில் நான்தான் வாசிப்பவன்.
அச்சடித்த பிரசங்கத்தை எழுத்துப் பிசகாமல் வாசிப்பேன்;
சொந்தச் சொல் ஒன்றும் சேர்ப்பதில்லை.
வார நாட்களில் மீன் ஆலையில் கணக்கு எழுதுவேன்.
அங்கேயும் அப்படித்தான்.

தார் பூசிய கறுத்த கோயில்; உள்ளே பலகையெல்லாம் வெள்ளை.
கூரையிலிருந்து ஒரு சிறு மரக்கப்பல் தொங்கும்,
பிழைத்து வந்த யாரோ நன்றிக்குக் கட்டியது.
கணப்பு சூடேறினால் அது மெல்லத் திரும்பும்.
ஜெபத்தில் கண் மூடாதவர்களுக்கு மட்டுமே தெரியும்.
எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் படகு மூழ்கியது. நான்கு பேர்.
ஹெய்னியின் உடல் மட்டும் கிடைக்கவில்லை.
அன்று மாலையே சுன்வாவின் வீட்டுக்குப் போனேன்,
வேதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
ஒரு மணி நேரம் பேசினேன்.
தேவ சித்தம் என்றேன்.
நம் அறிவுக்கு எட்டாத வழிகள் என்றேன்.
அவள் ஹெய்னியின் கம்பளிக் காலுறையை
உள்ளே வெளியே, வெளியே உள்ளே என்று
திருப்பிக்கொண்டே இருந்தாள்.
பிறகு, "காப்பி ஆறிவிட்டது" என்றாள்.
போய்விடு என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

மார்ச்சில் டோர்ஷாவ்னிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார்,
ஈரக் கோட்டோடு. நல்ல மனிதர்.
"பம்பைப் பற்றி ஏதாவது தெரியுமா?"
தோர்லைவ் பக்கத்தில் நின்றிருந்தார்.
கோயிலுக்கு ஆர்கன் வாங்கிக் கொடுத்தவர்.
என் மகள் படிப்புக்குக் கடன் தந்து வட்டி கேட்காதவர்.

எனக்குத் தெரிந்தது இது:
நவம்பர் பதினொன்றில் எஞ்சின்காரன் ரெக்வி
புதுப் பம்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான்.
பேரேட்டில் ஏற்றினேன்.
தோர்லைவ் அளவுகோல் வைத்து, நேராக, சிவப்பில் அடித்தார்.
நால்வரில் ரெக்வியும் ஒருவன்.

"நான் கணக்கு மட்டும்தான் பார்ப்பது" என்றேன்.
பொய் இல்லை, பாருங்கள். அதுதான் அதன் அழகு.
எங்கள் ஊரில் சேவல் கிடையாது.
வெளியே ஒரு கடற்காகம் கத்தியது.
அது எப்போதும் கத்துவதுதான்.

அன்றிரவு என் வாய்ப்பூட்டுக்கு நல்ல பெயர்களாக வைத்துப் பார்த்தேன்:
சாந்தம். சமாதானம். நாவடக்கம்.
நீதிமன்றத்தில் வாய் திறவாத ஆண்டவரைக்கூடத் துணைக்கு இழுத்தேன்.
அவர் தன் உயிருக்காக வாதாடவில்லை.
நான் யாருடைய உயிருக்காக?
உப்பிட்டவரை மறக்கலாமா என்றும் கேட்டுக்கொண்டேன்.
நான்கு பேர் கடைசியாகக் குடித்ததும் உப்புதான்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருந்தது.
பனிமூட்டம். இருபத்து மூன்று பேர்.
பிரசங்கப் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன்.
பலகை முறிவதுபோல் கேட்டது.
தேதியைச் சொன்னேன். தொகையைச் சொன்னேன்.
சிவப்பு மை, அளவுகோல், யார் கை.
பிறகு என் பெயரையும் சொன்னேன்,
அங்கே என்னைத் தெரியாதவர் எவரும் இல்லை என்றாலும்.
தோர்லைவ் எழுந்து போனார்,
தாழ்ப்பாளை இரண்டு முறை தடவித் தேடி.
ஆர்கன் வாசிப்பவள் அடுத்து எந்தப் பாட்டு என்று தெரியாமல்
கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.
மரக்கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது.
இம்முறை எல்லாரும் பார்த்தார்கள்.

மாலையில் சுன்வாவின் வீட்டுக்குப் போனேன். வேதம் கொண்டுபோகவில்லை.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
இன்னொரு கத்தி தரவில்லை; நானே எடுத்துக்கொண்டேன்.
பாதிக் கூடை முடிந்தபோது, நிமிராமல்,
"நவம்பரில் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மூன்று வசனங்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றன.
விழுங்கினேன்.
தோலை ஒரே சுருளாக எடுக்கப் பார்த்தேன்;
அறுந்தது. மறுபடியும் அறுந்தது.
கையெல்லாம் மண் வாசனை.
காப்பி ஆறியது.
ஆறிவிட்டது என்று அவள் சொல்லவில்லை.